பிரீச் குழந்தையும் பிரசவ வழியும்: பெங்களூரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

நிறைமாதத்தை எட்டும் நூறு கருக்களில் மூன்றோ நான்கோ தலையை மேலேயும் புட்டத்தைக் கீழேயும் வைத்தபடி இருக்கும். 28ஆவது வாரத்தில் இப்படி இருப்பவை நூற்றுக்கு இருபதுக்கு மேல். பெரும்பாலானவை அடுத்த எட்டு வாரங்களில் தாமாகவே புரண்டு தலையை இறக்கிவிடும். புரளாமல் நின்றுவிட்டவையே இக்கட்டுரையின் பொருள். மருத்துவர்கள் 'பிரீச்' என்பார்கள். வீட்டில் 'கொழந்தை இன்னும் திரும்பல' என்பார்கள். பெங்களூரின் தனியார் மருத்துவமனைகளில் ஸ்கேன் அறையைவிட்டு வெளியே வந்ததுமே அந்தப் பேச்சு பெரும்பாலும் ஆபரேஷன் தேதியைப் பற்றியதாக மாறிவிடுகிறது. பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறிக்கும் குடும்பங்களுக்கு அது ஒருவகையில் வசதியாகவும் போய்விடுகிறது.

இங்கே வாதிடப்படுவது இது: இன்றைய பெங்களூரில் முதல் பிரசவத்துப் பிரீச்சுக்குத் திட்டமிட்ட சிசேரியன் நியாயமான தேர்வுதான். ஆனால் வயிற்றின் மேலிருந்து கருவைத் திருப்பிப் பார்க்காமலே அந்தத் தேர்வுக்குப் போவதற்கு நியாயமில்லை. பிரீச் பிரசவம் பார்க்கும் திறனை அடுத்த தலைமுறை மருத்துவர்களின் கையிலிருந்து நழுவ விடுவதற்கும் நியாயமில்லை. ஏனென்றால் பிரீச் எப்போதும் தேதி கொடுத்துவிட்டு வருவதில்லை.

ஒற்றைக் கருவும் நிறைமாதமும் மட்டுமே ஆய்வின் எல்லை. இரட்டைக் கருவில் முதல் குழந்தை தலை முந்தி இருந்தால், இரண்டாவது எப்படி இருந்தாலும் திட்டமிட்ட சிசேரியனால் குழந்தைகளுக்குக் கூடுதல் பலன் இல்லை என்று 2,800 தாய்மாரைக் கொண்ட இரட்டைப் பிரசவ ஆய்வு 2013இல் காட்டியது. குறைமாதப் பிரீச் தனிச் சிக்கல். அதை இதனுடன் சேர்த்துப் பேசினால் இரண்டும் குழம்பும்.

2. ஆபத்து இருக்கும் இடம்

2.1 கடைசியில் வரும் தலை

தலை முந்தும் பிரசவத்தில் உடலின் பெரிய, கடினமான பகுதி முதலில் வந்துவிடுகிறது. பல மணி நேர வலியில் மண்டை எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறி, இடுப்புக்குழிக்குத் தக்கபடி தலை நீண்டுகொடுக்கிறது. பிரீச்சில் இந்த வரிசை மாறிவிடுகிறது. மென்மையான புட்டமும் உடலும் முன்னே வந்துவிட, நீண்டுகொடுக்க நேரமே கிடைக்காத தலை கடைசிச் சில நிமிடங்களில் அதே பாதையைக் கடந்தாக வேண்டும். தொப்புள் வெளியே தெரிந்த பிறகு கொடி தலைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நசுங்குவதால், குழந்தைக்கு வரும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். புட்டம் வந்து 5 நிமிடத்துக்கு மேலோ, தொப்புள் தெரிந்து 3 நிமிடத்துக்கு மேலோ தலை வராவிட்டால் கைவைத்துத்தான் ஆக வேண்டும் என்கிறது பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி.

அதற்கு முன்பே கைவைப்பதும் ஆபத்துதான். பதறிப்போய் உடலைப் பிடித்து இழுத்தால் குழந்தையின் கைகள் தலைக்கு மேலே ஏறிக்கொள்ளும். குனிந்திருக்க வேண்டிய கழுத்து நிமிர்ந்துவிடும். தானே வந்திருக்கக்கூடிய தலை அப்போதுதான் சிக்குகிறது. உடலை அரைவட்டமாகச் சுழற்றித் தோளை எடுக்கும் லோவ்செட் முறை, முகவாயைத் தாழ்த்தித் தலையைக் குனியவைத்து எடுக்கும் மொரிசோ–ஸ்மெல்லி–ஃபைட் முறை ஆகியவை எல்லாப் பாடநூல்களிலும் இருக்கின்றன. ஆனால் எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதைப் பிரசவ அறையில் அனுபவசாலியின் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்க முடியும்.

2.2 எல்லாப் பிரீச்சும் ஒன்றல்ல

முழங்கால் மடங்காமல் கால்கள் முகத்தருகே நீண்டிருக்கும் வகையில் புட்டம் கருப்பை வாயை நன்றாக அடைத்துக்கொள்வதால், கொடி முன்னே நழுவுவது இருநூற்றில் ஒன்று என்ற அளவுக்கே நடக்கிறது. சம்மணமிட்டது போன்ற வகையில் அது சற்று அதிகம். பாதம் முதலில் இறங்கும் வகையில் நூற்றுக்குப் பதினைந்தை ஒட்டிவிடும். கழுத்தை அண்ணாந்து வைத்திருக்கும் கரு, 3.8 கிலோவுக்கு மேல் மதிப்பிடப்பட்ட கரு, வளர்ச்சி குன்றிய கரு, பாதம் முந்தும் கரு ஆகிய எதற்கும் கீழ்வழிப் பிரசவத்தைத் திட்டமிடுவதில்லை.

வளர்ச்சி குன்றிய கருவைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 'நம்ம குழந்தைங்க சின்னது, சுலபமா வந்துடும்' என்ற நம்பிக்கை வீடுகளில் உண்டு. சில வார்டுகளிலும் உண்டு. எடை குறைந்த குழந்தையின் உடல் மெலிந்திருந்தாலும் தலை அந்த அளவுக்கு மெலிவதில்லை. முழுதாகத் திறக்காத கருப்பை வாய் வழியே உடல் நழுவி வந்துவிட, தலை உள்ளே நிற்கும் அபாயம் அதற்குத்தான் கூடுதல். ஆக்சிஜன் குறைவைத் தாங்கும் இருப்பும் அதனிடம் குறைவு.

3. 2000ஆம் ஆண்டின் தீர்ப்பு

3.1 எண்கள்

பிரீச்சுக்கெல்லாம் சிசேரியனே செய்துவிடலாம் என்ற யோசனை அமெரிக்காவில் 1959லேயே எழுந்தது. அதற்குப் பிந்தைய நாற்பதாண்டுகள் துறைக்குத் துறை, ஊருக்கு ஊர் வழக்கம் வேறுபட்டது. அதை முடித்துவைத்தது டொராண்டோவின் மேரி ஹன்னா தலைமையில் நடந்த 'டெர்ம் பிரீச் டிரையல்'. 26 நாடுகள், 121 மையங்கள், 2,088 தாய்மார். யாருக்குச் சிசேரியன், யாருக்குக் கீழ்வழி என்பதைச் சீட்டுக் குலுக்கலாகப் பிரித்தார்கள். 1997 ஜனவரியில் தொடங்கிய சேர்க்கை, இடைக்கால முடிவுகளின் வேறுபாட்டைப் பார்த்து 2000 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு லான்செட் இதழில் கட்டுரை வந்தது.

குழந்தை இறப்பு அல்லது கடும் பாதிப்பு: திட்டமிட்ட சிசேரியனில் 1.6 விழுக்காடு, திட்டமிட்ட கீழ்வழியில் 5.0 விழுக்காடு. இறப்பு மட்டும்: 1,039இல் 3 பேர், 1,039இல் 13 பேர். தாய்க்கு நேர்ந்த கடும் பாதிப்பில் முதல் ஆறு வாரங்களுக்குள் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை: 3.9, 3.2.

மருத்துவ வழக்கத்தை இவ்வளவு வேகமாகப் புரட்டிய கட்டுரைகள் குறைவு. நெதர்லாந்தில் பிரீச் சிசேரியன் 50 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காட்டுக்கு இரண்டே மாதத்தில் தாவியது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2001இல் திட்டமிட்ட கீழ்வழிப் பிரசவம் இனி ஏற்றதல்ல என்று அறிவித்தது. பெங்களூரிலும் சென்னையிலும் அந்த ஆண்டுகளில் முதுநிலை படித்தவர்கள், பிரீச் என்றாலே சிசேரியன் என்ற நிலைக்குப் பழகித்தான் வெளியே வந்தார்கள்.

3.2 நாம் படித்திருக்க வேண்டிய வரி

இங்கே அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. பங்கேற்ற நாடுகளைப் பிறப்பையொட்டிய குழந்தை இறப்பு குறைந்தவை, கூடியவை என்று இரண்டாகப் பிரித்து முடிவைத் தனித்தனியே தந்திருந்தார்கள். குறைந்த நாடுகளில் சிசேரியன் குழுவில் 0.4 விழுக்காடு, கீழ்வழிக் குழுவில் 5.7 விழுக்காடு. பிரமாண்டமான இடைவெளி. கூடிய நாடுகளில் 2.9, 4.4. இந்த இரண்டாவது வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதாக நிற்கவில்லை. ஒரு குழந்தையைக் காக்க முதல் வகை நாட்டில் 7 கூடுதல் சிசேரியன் போதும். இரண்டாவது வகையில் 39 தேவைப்படலாம் என்று ஆய்வாளர்களே கணக்கிட்டார்கள்.

இந்தியா அப்போது இரண்டாவது வகையைச் சேர்ந்த நாடு. அதாவது உலகத்தை மாற்றிய அந்த 5.7 நம்முடைய எண்ணாக இருக்கவில்லை. ஆனால் நாம் எடுத்துக்கொண்டதென்னவோ அதைத்தான்.

வேறுபாடு ஏன் சுருங்கியது என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்லலாம். பிரீச் பிரசவம் அன்றாட வேலையாக இருந்த நாடுகளில் கைகள் தேர்ந்திருந்தன என்பது ஒன்று. குழந்தைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடும் இடங்களில் பாதிப்புகள் பதிவேட்டுக்கே வந்திருக்காது என்பது மற்றொன்று. இரண்டாவது விளக்கத்தை ஒதுக்கிவிட முடியாது; நம் அரசு மருத்துவமனைப் படுக்கை நெருக்கடியை அறிந்தவர்கள் ஒதுக்கவும் மாட்டார்கள். என் பார்வையில் முதலாவதற்கே எடை அதிகம். அங்கே சிசேரியன் குழுவின் 2.9 விழுக்காட்டையும் பார்க்க வேண்டும்: குறைந்த நாடுகளின் 0.4ஐவிட ஏழு மடங்கு. மயக்க மருந்து, பச்சிளங்குழந்தைப் பிரிவு, இரவு நேர ஊழியர் என்று சுற்றியுள்ள எல்லாமே பலவீனமாக இருக்கும் இடத்தில் கத்தி மட்டும் குழந்தையைக் காப்பாற்றிவிடுவதில்லை.

3.3 மறுப்புகள்

ஆறே ஆண்டில் மறுப்புகள் குவிந்தன. இஸ்ரேலின் மாரெக் கிளெசர்மன் 2006இல் அந்த ஆய்வின் எழுச்சியும் வீழ்ச்சியும் என்றே தலைப்பிட்டு எழுதினார். தகுதியற்ற கருக்கள் சேர்க்கப்பட்டன, அனுபவசாலி என்பதற்கான அளவுகோல் தளர்ந்திருந்தது, பல இறப்புகளுக்குப் பிரசவ வழியோடு தொடர்பே இல்லை என்பன அவர் வைத்த வாதங்கள். இவற்றைவிடக் கனமானது அதே ஆய்வுக்குழு 2004இல் வெளியிட்ட தொடர் ஆய்வு. இரண்டு வயதில் இறப்பும் வளர்ச்சித் தாமதமும் சேர்த்துச் சிசேரியன் குழுவில் 3.1 விழுக்காடு, கீழ்வழிக் குழுவில் 2.8. பிறந்த வாரத்தில் 'கடும் பாதிப்பு' என்று எழுதப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். தொடர் ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லா மையங்களையும் சேர்ந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

4. பின்வந்த சான்றுகள்

பிரான்சும் பெல்ஜியமும் பிரீச் பிரசவத்தைக் கைவிடாத நாடுகள். அங்கே 174 மையங்களில் 8,105 தாய்மாரைப் பின்தொடர்ந்த பிரெமோடா ஆய்வு 2006இல் வந்தது. கீழ்வழியைத் திட்டமிட்ட 2,526 பேரில் 71 விழுக்காட்டினர் அவ்வாறே பெற்றார்கள். குழந்தை இறப்பும் கடும் பாதிப்பும் 1.60 விழுக்காடு. திட்டமிட்ட சிசேரியனில் 1.45. வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். தேர்ந்தெடுப்பு கடுமையானது; வலி நேரம் முழுதும் கருவின் இதயத்துடிப்பைக் கண்காணித்தார்கள்; கீழ்வழி முயற்சியைக் கைவிட்டுச் சிசேரியனுக்கு மாற அவர்கள் தயங்கவில்லை. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வன்று என்பதால், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஏற்கெனவே ஆபத்துக் குறைந்தவர்கள் என்ற ஆட்சேபம் செல்லும். ஆனால் நடைமுறையில் மருத்துவம் செய்வதும் அதைத்தானே, ஆபத்துக் குறைந்தவரைத் தேர்ந்தெடுப்பது.

2016இல் 27 ஆய்வுகளைத் தொகுத்துச் சுமார் 2,59,000 தாய்மாரின் தரவைப் பார்த்தவர்கள் கண்டது: திட்டமிட்ட கீழ்வழியில் குழந்தை இறப்பு 0.3 விழுக்காடு, திட்டமிட்ட சிசேரியனில் 0.05. பிரிட்டனின் 2017 வழிகாட்டி இதை ஆயிரத்துக்கு இத்தனை என்று பிரித்துச் சொல்கிறது. 39 வாரத்துக்குப் பின் சிசேரியன் என்றால் ஆயிரத்துக்கு 0.5, பிரீச் கீழ்வழி என்றால் ஆயிரத்துக்கு 2, தலை முந்தும் சாதாரணப் பிரசவம் என்றால் ஆயிரத்துக்கு 1.

ஆக, வித்தியாசம் இருக்கிறது. அதை மறைப்பது இயற்கைப் பிரசவ ஆர்வலர்களின் தவறு. அது ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ; அதைச் சொல்லாமல் 'குழந்தைக்கு ஆபத்து, கையெழுத்துப் போடுங்க' என்று நிறுத்திக்கொள்வது மருத்துவமனைகளின் தவறு. இதே எண்களை வைத்துக்கொண்டு பார்த்தால், தலை முந்தும் சாதாரணப் பிரசவத்தைவிடவும் 39 வாரச் சிசேரியன் குழந்தைக்குப் 'பாதுகாப்பு'. அதற்காக எல்லாரையும் அறுவை மேசைக்கு யாரும் அழைப்பதில்லை, குறைந்தது வெளிப்படையாக.

அமெரிக்கக் கல்லூரி 2006இல் தன் நிலையைத் திருத்திக்கொண்டது. முடிவு பிரசவம் பார்ப்பவரின் அனுபவத்தைப் பொறுத்தது என்பது அதன் இப்போதைய நிலை. 2018இலும் அதையே உறுதி செய்தது. அதற்குள் அனுபவசாலிகளில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

5. தாயின் பக்கக் கணக்கு

5.1 தழும்பு

முதல் சிசேரியனின் விலை பெரும்பாலும் அடுத்தடுத்த கர்ப்பங்களில்தான் தெரியவரும். நஞ்சுக்கொடி தழும்பில் புதைந்து வளர்ந்து பிரிய மறுக்கும் நிலை, 2006இல் வெளியான சுமார் 30,000 அமெரிக்கத் தாய்மாரின் தரவின்படி முதல் சிசேரியனின்போது 0.24 விழுக்காடு, மூன்றாவதில் 0.57, நான்காவதில் 2.13. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக் கிடந்தால் மூன்றாவது சிசேரியனில் இது 40 விழுக்காடு. கருப்பையையே எடுக்க வேண்டிய ரத்தப்போக்கு இது. தழும்போடு கீழ்வழிப் பிரசவத்துக்கு முயன்றால் கருப்பை கிழியும் வாய்ப்பு இருநூற்றில் ஒன்று.

டச்சு மருத்துவர்கள் 2005இல் போட்ட ஒரு கணக்கு இந்த இரு பக்கங்களையும் ஒரே தாளில் வைத்தது. 2000ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிந்தைய நான்காண்டில் அவர்கள் நாட்டில் சுமார் 8,500 கூடுதல் சிசேரியன்கள். காப்பாற்றப்பட்டிருக்கக்கூடிய குழந்தைகள் 19. தவிர்த்திருக்கக்கூடிய தாய் மரணங்கள் 4. வருங்காலக் கர்ப்பங்களில் தழும்பினால் இழக்க நேரும் என எதிர்பார்த்த குழந்தைகள் 9. உயிராபத்தான சிக்கலுக்கு உள்ளாகக்கூடிய பெண்கள் 140. நெதர்லாந்தின் ரத்த வங்கிகளையும் மயக்க மருத்துவர்களையும் வைத்துக்கொண்டு வந்த எண்கள் இவை.

5.2 கர்நாடகத்தில்

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) கர்நாடகத்தில் சிசேரியன் 31.5 விழுக்காடு, முந்தைய ஆய்வில் 23.6. தமிழ்நாடு 44.9, தெலங்கானா 60.7. இந்த ஏற்றத்துக்குப் பிரீச்சைக் காரணம் காட்ட முடியாது. எல்லாப் பிரீச்சையும் அறுத்தாலும் மொத்தத்தில் மூன்று நான்கு விழுக்காட்டுக்கு மேல் சேராது. ஆனால் அந்த மூன்று நான்கு பேரும் அடுத்த பிரசவத்தில் 'முந்தைய சிசேரியன்' என்ற வகைக்குள் வருகிறார்கள். அந்த வகையில் கீழ்வழிக்கு வாய்ப்புக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு, நம் ஊர் மருத்துவமனைகளில் அது எவ்வளவு அரிது என்பது தெரியும்.

எதிர்வாதமும் வலுவானதே. அதே ஆய்வின்படி கர்நாடகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறப்பது 1.7 குழந்தை. பாதிக்கும் மேற்பட்ட மணமான பெண்கள் குடும்பக்கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்கள், பலர் இரண்டாவது பிரசவத்தோடேயே. மூன்றாவது, நான்காவது சிசேரியனின் அச்சம் இவர்களுக்குப் பொருந்தாது. ஜெயநகரிலோ இந்திராநகரிலோ குடியிருந்து, இரண்டாவது குழந்தையோடு நிறுத்திக்கொள்ளும் பெண்ணுக்கு ஒரு தழும்பின் விலை உண்மையிலேயே சிறியது. ராய்ச்சூரிலிருந்தும் யாத்கிரியிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்து, முதல் குழந்தையை இங்கே பெற்று, அடுத்ததைச் சொந்த ஊரில் பெறப்போகும் பெண்ணுக்கு அது வேறு விலை. ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இவர்கள் படுத்திருக்கலாம். கேஸ் ஷீட்டில் இருவருக்கும் ஒரே வரிதான்: பிரீச், சிசேரியன்.

அறுவையின் பாதுகாப்பைச் சுற்றியுள்ள அமைப்பே தீர்மானிக்கிறது என்பதற்குத் தொலைவில் போய்ச் சான்று தேட வேண்டாம். 2024 நவம்பரில் பல்லாரியின் அரசு மருத்துவமனையில் சிசேரியன் செய்துகொண்ட இளம் தாய்மார் அடுத்தடுத்து இறந்தார்கள்; எண்ணிக்கை ஐந்தை எட்டியது. நரம்பில் ஏற்றிய ரிங்கர் லாக்டேட் திரவத்தின் மீது ஐயம் விழுந்தது, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 'சிசேரியன் பாதுகாப்பானது' என்று நாம் சொல்லும்போது அந்தத் திரவப் பாட்டிலையும் சேர்த்தே சொல்கிறோம்.

6. கைகள் எங்கே போயின

கோட்டைப் பகுதியில், விக்டோரியா மருத்துவமனையை ஒட்டி, மகாராணி வாணி விலாஸ் பெயரில் 1935இல் தொடங்கிய மகப்பேறு மருத்துவமனைதான் இன்றும் பெங்களூரின் அரசுப் பிரசவங்களுக்குத் தாங்குதூண். சுற்று மாவட்டங்களிலிருந்து 'மேல் சிகிச்சைக்கு' என்று எழுதி அனுப்பப்படுபவர்கள் வந்து சேரும் இடம். அங்கே வருபவர்களில் எல்லாருக்கும் 36ஆவது வார ஸ்கேன் இருப்பதில்லை. வலி முற்றி, வாய் முழுதும் திறந்து, புட்டம் தெரிகிற நிலையில் ஒருத்தி ஸ்ட்ரெச்சரில் வந்தால் ஆய்வுக் கட்டுரைகளின் வாதம் அங்கே நின்றுவிடுகிறது. தியேட்டர் தயாராவதற்குள் குழந்தை வந்துவிடும். அந்த இரவில் பணியில் இருக்கும் முதுநிலை மாணவிக்குப் பிரீச் எடுத்துப் பழக்கம் உண்டா என்பது ஒன்றே கேள்வி.

தென்னிந்தியாவில் அந்தப் பழக்கம் ஒரு காலத்தில் எல்லாருக்கும் இருந்தது. சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் அனுபவத்திலிருந்து ஆ. இலட்சுமணசாமி முதலியார் எழுதி 1938இல் வெளிவந்த மகப்பேறு நூல், பின்னர் கிருஷ்ண மேனனின் பெயரையும் சேர்த்துக்கொண்டு, பல தலைமுறைகளுக்குப் பாடநூலானது. அந்தத் தலைமுறைக்குப் பிரீச் என்பது தேர்வில் கேட்கப்படும் கேள்வியாகவும் வாரம் ஒருமுறையாவது செய்யும் வேலையாகவும் இருந்தது. இன்றைய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் பிரீச் பிரசவ உதவியும் கருவை வெளியிலிருந்து திருப்புதலும் படிகளைச் சொல்லி விளக்கத் தெரிய வேண்டியவற்றின் பட்டியலில் இருக்கின்றன. சொல்லி விளக்கத் தெரிந்தவர் எடுத்துவிடுவார் என்று யாரும் நம்பவில்லை.

துமகூரு மாவட்டம் பாவகடா வட்டத்தின் சூலகித்தி நரசம்மாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் போகாத கூலித் தொழிலாளி. எழுபதாண்டு காலத்தில் 15,000க்கும் மேற்பட்ட பிரசவங்களைக் காசு வாங்காமல் பார்த்ததற்காக 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் பெங்களூரு மருத்துவமனை ஒன்றில் காலமானார். வயிற்றைத் தொட்டுக் கருவின் கிடப்பைச் சொல்பவர் என்று அவரைப் புகழ்ந்து எழுதினார்கள். மருத்துவச்சிகளின் காலத்துக்குத் திரும்பிவிடலாம் என்பது என் பேச்சன்று. அந்தக் காலத்தின் தாய் சேய் மரணங்களை மறந்தால்தான் அப்படிப் பேச முடியும். ஆனால் அவருக்கு விருது கொடுத்த அரசு, 2018 இறுதியில் வெளியிட்ட தேசிய மருத்துவச்சிச் சேவை வழிகாட்டியைச் செயலுக்குக் கொண்டுவருவதில் அந்த விழாவின் வேகத்தைக் காட்டவில்லை.

கதவே திறக்காத இடத்தில் எந்த வழி பாதுகாப்பு என்று கேட்பதற்கே பொருளில்லை. 2022 நவம்பரில் துமகூருவில், தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்திருந்த ஒரு நிறைமாதத் தாய், தாயி கார்டும் (கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் அட்டை) ஆதாரும் இல்லை என்பதால் மாவட்ட மருத்துவமனையில் சேர்க்கப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டார். பெங்களூருக்குப் போகச் சொன்னார்களாம், வண்டிக்குக் காசில்லை. வாடகை வீட்டில் இரட்டைக் குழந்தைகளோடு இறந்துபோனார். மருத்துவரும் செவிலியர்களும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். சான்றிதழ் கேட்டு யாரையும் திருப்பக் கூடாது என்று பிறகு உத்தரவு வந்தது.

கைகளைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதில்லை. ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் ஃபிராங்க் லூவென் குழு, தாய் மண்டியிட்டோ நின்றோ முன்சாய்ந்த நிலையில் பிரீச் குழந்தையைப் பெறும் முறையைப் பழக்கமாக்கி 2017இல் முடிவுகளை வெளியிட்டது. மல்லாந்த நிலையைவிடக் கைவைக்க வேண்டிய தேவை குறைந்தது. பெங்களூரு போன்ற நகரில், பொம்மை வைத்துப் பழகுவதையும், தேர்ந்தெடுத்த ஓரிரு பெரிய மருத்துவமனைகளில் பிரீச்சை ஒன்றுசேர்ப்பதையும் நாளையே தொடங்கலாம்.

7. திருப்பிப் பார்ப்பது

முதல் கர்ப்பம் என்றால் 36ஆவது வாரத்திலும், ஏற்கெனவே பெற்றவர் என்றால் 37ஆவதிலும், வயிற்றின் மேல் கைவைத்துக் கருவை மெல்லக் குட்டிக்கரணம் போடவைப்பதை மருத்துவர்கள் ஈ.சி.வி. என்பார்கள். கருப்பையைத் தளர்த்த டெர்பியூட்டலின் ஊசி, ஸ்கேன், இதயத்துடிப்புப் பதிவு, பக்கத்தில் தியேட்டர்: இவ்வளவுதான் தேவை. ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கரு திரும்பும். முதல் கர்ப்பத்தில் சற்றுக் குறைவு. செய்த 24 மணி நேரத்துக்குள் அவசரச் சிசேரியன் தேவைப்படுவது இருநூற்றில் ஒருவருக்கு. ஆர்.எச். நெகட்டிவ் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ, ரத்தப்போக்கு இருந்தாலோ செய்யக் கூடாது.

பிரீச் விவாதத்தில் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒரே வழி இது. அப்படியிருந்தும் நம் ஊர்ப் பேச்சில் இது மிகக் குறைவாகவே அடிபடுகிறது. காரணங்களை ஊகிப்பது கடினமில்லை. அரை மணி நேரம் ஆகும். தனியாகக் கட்டணம் வாங்கிப் பழக்கமில்லை. திரும்பாவிட்டால் வீட்டார் முகம் சுளிப்பார்கள். ஏதாவது ஒன்று தவறினாலும் வழக்கு வரும் என்ற அச்சம் இருக்கிறது. சிசேரியனுக்குத் தேதி கொடுத்தால் இவை ஒன்றும் இல்லை. மாறாக, முட்டி போட்டுக் குனிந்திருக்கச் சொல்வதையும் நிறைய நடக்கச் சொல்வதையும் எல்லாரும் தாராளமாகச் சொல்கிறார்கள்; அவற்றால் கரு திரும்பும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

8. ஒப்புதல்

சமிரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னதன்படி, ஒப்புதல் என்பது சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் ஆகியவற்றை நோயாளி அறிந்து தருவது. பிரீச் சிசேரியனுக்கு வாங்கும் கையெழுத்தில் ஈ.சி.வி. என்ற மாற்று சொல்லப்படவில்லையென்றால் அது எத்தகைய ஒப்புதல் என்பது வழக்கறிஞர்களும் யோசிக்க வேண்டிய விஷயம். ஸ்ரீராம்புரத்திலும் மர்ஃபி டவுனிலும் இருந்து வரும் தமிழ்ப் பெண்களுக்கு அந்தப் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ நீட்டப்படுகிறது. கையெழுத்துப் போடுவது பல நேரம் கணவரோ மாமியாரோ.

கீழ்வழியை விரும்பிக் கேட்கும் பெண்ணிடம் 'நாங்கள் இங்கே அதைச் செய்வதில்லை. செய்யும் இடத்துக்கு எழுதித் தருகிறேன்' என்று சொல்லும் மருத்துவர் நேர்மையானவர். 'அதெல்லாம் இப்போ உலகத்துல யாருமே செய்றதில்லை' என்பவர் பொய் சொல்கிறார்.

9. பிறந்த பிறகு

எந்த வழியில் பிறந்தாலும், கடைசி வாரங்களில் பிரீச்சாக இருந்த குழந்தைக்கு இடுப்பு மூட்டு நழுவும் வாய்ப்புக் கூடுதல். பெண் குழந்தைக்கு இன்னும் கூடுதல். பிறந்தவுடன் குழந்தை மருத்துவர் தொடைகளை விரித்துப் பார்ப்பதோடு ஆறு வாரத்தை ஒட்டி இடுப்புக்கு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. 36ஆவது வாரத்துக்குப் பின் கரு திரும்பித் தலைவழியே பிறந்திருந்தாலும் எடுக்க வேண்டும். சிசேரியனா சுகப்பிரசவமா என்ற வாதத்தில் குடும்பமே களைத்துப் போன பிறகு, டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியாக வரும் இது விட்டுப்போகிறது. கால்களை நேராக நீட்டித் துணியில் இறுக்கிச் சுற்றும் வழக்கம் இக்குழந்தைகளுக்கு ஆகாது. கழுத்து நின்ற பிறகு, கால்களை இருபுறமும் போட்டு இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் அந்த மூட்டுக்கு நல்லது.